பூமி சூடாவது யாரால்? பேசித் தெளிவோம்



"மழை தப்பிப் போச்சு, வெயில் தாங்க முடியல" என்ற பேச்சு வராத குழுக் கூட்டம் இல்லை. உடனே இன்னொரு உறுப்பினர், "வெயிலும் மழையும் மனுஷன் கையிலயா இருக்கு? எல்லாம் இயற்கைதான்" என்பார். இப்படிக் கேட்பதில் தவறில்லை. கணக்கு நோட்டைப் பார்க்காமல் நாம் கையெழுத்துப் போடுவதில்லையே! இதிலும் ஆதாரத்தைப் பார்ப்போம்.

பூமியின் போர்வை

1856-ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குழாய்களில் சாதாரணக் காற்றையும் கரியமில வாயுவையும் தனித்தனியே அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடானது. நிழலுக்கு மாற்றிய பிறகும் அது ஆற வெகுநேரம் ஆனது. இந்த வாயு பூமிக்குப் போர்வை மாதிரி. அளவோடு இருந்தால் நல்லது. கூடினால் புழுக்கம்தான்.

"முன்னாடியும் மாறியிருக்கே?"

மாறியது உண்மை. ஆனால் பல ஆயிரம் ஆண்டுகளில் மெதுவாக மாறியது. தென்துருவப் பனிக்கட்டியில் சிக்கிய பழைய காற்றை ஆராய்ந்து 8 லட்சம் ஆண்டுக் கணக்கை எடுத்திருக்கிறார்கள். தொழிற்சாலைகள் வருவதற்கு முன், பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 300 பங்குக்கு மேல் போனதே இல்லை. 1958-ல் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது.

"மனுஷன் விட்டதுன்னு எப்படித் தெரியும்?"

கையெழுத்தைப் பார்த்தே நோட்டில் எழுதியது யார் என்று சொல்கிறோம் அல்லவா? அதுபோல இதற்கும் அடையாளம் உண்டு. செடிகொடிகளில் கார்பன்-14 என்ற ஒருவகைக் கரி இருக்கும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலிலும் அது அழிந்துபோயிருக்கும். காற்றில் புதிதாகச் சேர்வது இந்தப் பழைய கரி என்று சோதனையில் தெரிகிறது. எரிமலையிலிருந்தும் பழைய கரி வரும். ஆனால் மனிதர் வெளியிடுவதில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

"சூரியனே சூடாகியிருந்தா?"

1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனை அளந்து வருகின்றன. அதன் வெப்பம் கூடவில்லை. சூரியன் காரணம் என்றால் வானின் மேலடுக்கும் சூடாக வேண்டும். ஆனால் கீழ்க்காற்று சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. போர்வைக்கு உள்ளே சூடு, வெளியே குளிர்ச்சி!

அவசர முடிவு வேண்டாம்

ஒரு வருடம் மழை பொய்த்தால் உடனே இதுதான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு வாரச் சேமிப்பை வைத்துக் குழுவை எடை போடுவோமா? பல ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஏரியையும் வாய்க்காலையும் ஆக்கிரமித்ததால் ஊருக்குள் தண்ணீர் வந்தால், அது வேறு கணக்கு. அதற்கு வானத்தின் மேல் பழி போட வேண்டாம்.

"மனிதரால்" என்றால் எல்லோரும் சமமாக என்று அர்த்தம் இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக ஒரு அமெரிக்கர் கணக்கில் சுமார் 14 டன் கரியமில வாயு வெளியாகிறது. ஒரு இந்தியர் கணக்கில் சுமார் 2 டன்தான். விறகடுப்பு ஊதும் ஏழைப் பெண் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் பயிர் கருகினால், குடிநீருக்கு அலைந்தால் முதல் அடி அவளுக்குத்தான். "எல்லாம் விதி" என்று விட்டுவிட்டால் யாரையும் கேள்வி கேட்க முடியாது. மனிதர் செய்தது என்றால் மனிதரே மாற்றவும் முடியும்.

கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊரில் 20 ஆண்டுகளில் மழை, வெயில், கிணற்று நீர் எப்படி மாறியுள்ளது? மூத்த உறுப்பினர்களைக் கேட்டு எழுதுங்கள்.
2. அதில் நம் ஊரிலேயே சரிசெய்யக்கூடியது எது?
3. அடுத்த கிராம சபையில் அதை எடுத்துச் சொல்லப்போவது யார்?