பழைய வீடும் புதிய அறையும்

பினாங்கு, ஜார்ஜ்டவுனின் பழமையான தெருக்களுள் சூலியா தெருவும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகம் செய்ய வந்த தமிழ் முஸ்லிம்கள் சூலியாக்கள் என்று அழைக்கப்பட்டனர். அவர்களின் பெயரையே இத்தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. இங்குள்ள கடைவீடுகளில் கீழ்த்தளம் கடையாகவும் மேல்தளம் குடும்பம் வாழும் வீடாகவும் விளங்கின. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

எனினும், அன்றைய வீடு இன்றைய தேவைக்குப் போதுமா? நல்ல குளியலறையும் வசதியான சமையலறையும் இல்லையெனில் குடியிருப்போர் வெளியேறிவிடுவர். ஆளில்லாத வீட்டில் கூரை ஒழுகும், மரத்தளம் உளுத்துப்போகும், கரையான் புகும். ஆகவே, பழைய வீட்டைக் காக்கவே சில வேளைகளில் புதிய அறை தேவைப்படுகிறது.

அவ்வறையை வீட்டின் பின்புறத்தில், பழைய கூரையைவிடத் தாழ்வாகக் கட்டுவது நல்லது. அப்பொழுது முகப்பும், மழையிலும் வெயிலிலும் மக்கள் நடந்துசெல்லும் ஐந்தடி நடைபாதையும் மாறாமல் இருக்கும். புதிய பகுதி பழையதைப் போல நடிக்க வேண்டியதில்லை. இரும்பும் கண்ணாடியும் கொண்டு எளிமையாக அமையலாம்.

நீண்டு ஒடுங்கிய கடைவீட்டின் நடுவே திறந்த முற்றம் உண்டு. வெளிச்சம் அதன்வழியே உள்ளே வருகிறது. வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறுகிறது. இடம் வேண்டுமென்று முற்றத்தை மூடினால் வீடு இருண்டு புழுங்கும்.

சுவர்களிலும் கவனம் தேவை. பழைய செங்கற்சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியேற விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிரத் தொடங்கும். மேலும், கடைவீடுகள் வரிசையாக ஒட்டி நிற்பவை. இரு வீடுகளுக்கு ஒரே சுவர். புதிய அறைக்காக ஆழத் தோண்டினால் அண்டை வீட்டுச் சுவரும் விரிசல் காணலாம். எனவே, பொறியாளரின் ஆலோசனையும் மாநகர் மன்றத்தின் அனுமதியும் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

வீடு ஒருவருக்குச் சொந்தமாகலாம். தெருவின் அழகும் வரலாறும் அனைவருக்கும் சொந்தம். இதனை உணர்ந்து கட்டினால், முன்னோர் வாழ்ந்த வீட்டில் நாளைய தலைமுறையும் வசதியாக வாழும்.