சக்கரத்தை அகட்டினால் சட்டம் விடுமா?

கேள்வி: என்னிடம் மஞ்சள் போர்டு பிக்கப் வண்டி இருக்கிறது. சீசனில் தக்காளி, மற்ற நாட்களில் தேங்காய் ஏற்றி உடுமலையிலிருந்து மறையூர், மூணாறு வரை போய் வருகிறேன். லோடு ஏற்றினால் வளைவுகளில் வண்டி ஆடுகிறது. ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளி, அகல ரிம்மும் பெரிய டயரும் போட்டால் வண்டி ரோட்டைப் பிடித்து ஓடும் என்று ஒரு வீல் கடையில் சொன்னார்கள். நான்கு சக்கரத்துக்கும் ஸ்பேசர் மாட்டியாகிவிட்டது. ரிம், டயருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். "ஆர்.டி.ஓ.வில் இதையெல்லாம் பார்க்க மாட்டாங்க" என்கிறார் கடைக்காரர். அடுத்த மாதம் எஃப்.சி. வருகிறது. இன்சூரன்ஸில் சிக்கல் வருமா? விபத்து நடந்தால் என்ன ஆகும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: ரிம்மும் டயரும் வாங்க வேண்டாம். மாட்டிய ஸ்பேசரையும் எஃப்.சி. வரை காத்திராமல் இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் வேறுபாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. இந்தப் பிரிவைக் கடுமையாக்கிய 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் நோக்க உரையில், அதிகத் திறன் கொண்ட டயராக மாற்றுவது உட்பட எந்த மாற்றத்தையும் தடுப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். கேரளத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அந்த நோக்க உரையை எடுத்துக்காட்டி, தயாரிப்பாளர் வகுத்த அளவிலிருந்து வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. மாற்றத்துக்கு இடம் கொடுத்திருந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ரத்தானது. ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் ஓடும் உங்கள் வண்டிக்கு இந்த வழக்கு பக்கத்து வீட்டுச் சங்கதி.

52-வது பிரிவின் விளக்கத்தில், 'மாற்றம்' என்பது வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று இருக்கிறது. ஸ்பேசர் அப்படிப்பட்டதா என்று வழக்காடலாம். வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் 2019 தீர்ப்புக்குப் பிறகு அந்த வாதத்தை நம்பி ஒரு கட்சிக்காரரை நான் நீதிமன்றம் ஏற்ற மாட்டேன். டயர் விஷயத்தில் அந்த வாதம்கூட நிற்காது. சரக்கு வண்டியின் பதிவு விவரங்களில் டயரின் எண்ணிக்கை, அளவு, அச்சு எடை எல்லாம் இருக்கின்றன. வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டருக்குள் இருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது உச்சவரம்புதான், அதுவரை அகட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி ஆகாது.

தண்டனை 182ஏ(4) பிரிவில் வருகிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம், அல்லது இரண்டும். ஸ்பேசர், ரிம், டயர் என்று தனித்தனியாகவே கணக்கு ஏறலாம். வண்டி பொதுமக்களுக்கு ஆபத்தான நிலையில் இருப்பதாகக் கருதினால் 53-வது பிரிவில் பதிவையே நிறுத்தி வைக்கவும் அதிகாரம் உண்டு. எஃப்.சி. ஆய்வாளர் பார்க்காமல் விட்டாலும் அது அனுமதி ஆகிவிடாது.

சட்டத்தை விடுங்கள், உயிர் முக்கியம். ஒரு பக்கம் 25 மி.மீ. ஸ்பேசர் என்றால் அச்சின் டிராக் 50 மி.மீ. கூடுகிறது. எடை தாங்கும் புள்ளி அந்த அளவுக்கு வெளியே போவதால் வீல் பேரிங்குக்கும் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் கூடுதல் இழுவை. வெறும் தட்டு வகை ஸ்பேசர் என்றால் நட்டு பிடிக்கும் மரை நீளமும் குறைகிறது. கழற்றும்போது இதை நீங்களே பாருங்கள். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளமாவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பட்டறைகளின் பொது விதி. 12 மி.மீ. போல்ட், 1.5 மி.மீ. மரை என்றால் முழுதாக எட்டுச் சுற்று. நாலைந்து சுற்றிலேயே நட்டு கையோடு வந்துவிட்டால், மறையூர் மலை வளைவுகளில் எதை நம்பி இறங்கினீர்கள் என்பது புரியும்.

தக்காளி லோடு வளைவில் ஆட வேறு காரணங்கள் இருக்கின்றன. கிரேட்டை உயரமாக அடுக்குவதும், ஸ்பிரிங் பட்டை சோர்ந்துபோவதும், ஷாக் அப்சார்பர் கசிவதும், டயரில் காற்று குறைவதுமே பெரும்பாலும் காரணம். பட்டை, ஷாக் இரண்டையும் நிறுவனம் சொன்ன அளவிலேயே புதிதாகப் போடுவதற்கு யாரும் கேள்வி கேட்க முடியாது. எடையைக் குறைப்பது அதைவிட முக்கியம். 194-வது பிரிவில் அளவுக்கு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். பக்கவாட்டிலோ உயரத்திலோ துருத்தினாலும் 20,000. ஒரு லோடு தக்காளியில் உங்களுக்கு நிற்கும் லாபத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையிலேயே கூடுதல் எடை ஏற்ற வேண்டிய தொழில் என்றால், அதற்கென்றே தயாரித்து, அச்சு எடையும் சோதித்து விற்கும் பெரிய வண்டிக்கு மாறுவதுதான் நேர்வழி.

இன்சூரன்ஸ் விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். மூன்றாம் நபருக்கு அடிபட்டால், 150-வது பிரிவு அனுமதிக்கும் காரணங்களைக் காட்டித்தான் இன்சூரன்ஸ் நிறுவனம் விலக முடியும். வண்டியை மாற்றியது அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. அதனால் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்க வழி இருக்கிறது. உங்கள் வண்டிச் சேதத்தில்தான் கோளாறு. சர்வேயர் படம் எடுத்து, சொல்லாமல் செய்த மாற்றம் என்று எழுதினால் கிளைம் நிராகரிக்கப்படலாம். பாலிசியின் அடிப்படையையே தகர்க்காத மீறல்களில் 'நான்-ஸ்டாண்டர்ட்' முறையில் ஒரு பகுதியாவது தரலாம் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் ஏற்றது. ஆனால் அதைப் பெற நீங்கள் நுகர்வோர் ஆணையத்தில் அலைய வேண்டும்.

விபத்தில் யாராவது இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) வருகிறது. ஐந்து ஆண்டு வரை சிறை. குறை தெரிந்தே ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவும் சேரும். ஸ்பேசருக்கான பில் உங்கள் பெயரிலேயே இருக்கும்போது, தெரியாது என்று சொல்ல முடியாது.

கடைக்காரரிடம் கொடுத்த முன்பணத்தை எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். சட்டச் சிக்கல் இல்லை என்று அவர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதை அழிக்க வேண்டாம். மறுத்தால், இரண்டு ஆண்டுக்குள் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். வக்கீல் இல்லாமலேயே நீங்கள் நேரில் வாதாடலாம்.