கடைச் சுவரின் வர்ணமும் வணிகரின் நேர்மையும்

நோன்புப் பெருநாள் நெருங்குகையில் நம் வணிகச் சகோதரர்கள் கடைக்குப் புது வர்ணம் பூசுவது வழக்கம். குளிர்மை வர்ணம் நல்லதா, வெம்மை வர்ணம் நல்லதா என்னும் கேள்வி அப்போது எழும். அதனைச் சற்று ஆராய்வோம்.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகியவை வெம்மை வர்ணங்கள். நீலம், பச்சை, ஊதா ஆகியவை குளிர்மை வர்ணங்கள். முன்னவை நெருப்பையும் வெயிலையும், பின்னவை நீரையும் நிழலையும் நினைவூட்டுவதால் இப்பெயர் பெற்றன. வர்ணத்தை மாற்றுவதால் அறையின் சூடு குறைந்துவிடாது. மாறுவது நம் மன உணர்ச்சியே.

நம் கடைவீடுகள் பெரும்பாலும் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டவை. இருண்ட பின்னறைக்கு நீலம் பூசினால் மேலும் மங்கித் தோன்றும். வெளிர் மஞ்சளோ சந்தன நிறமோ அங்கே தெளிவு தரும். மேற்கு நோக்கிய கடையில் மாலை வெயில் நுழையுமாகையால், வெளிர் பச்சையோ வெளிர் நீலமோ கண்ணுக்கு இதமாகும். சாப்பாட்டுக் கடைக்கு வெம்மை வர்ணமே பொருந்தும்.

துணிக்கடைக்காரர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. பாரிஸ் நகரின் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பகுதியை நிர்வகித்தவர் ஷெவ்ருல் என்னும் இரசாயன அறிஞர். கறுப்புச் சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்ததில் சாயத்தில் குறையில்லை. அருகிருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டார். 1839-ல் இதனை நூலாக வெளியிட்டார். அவ்வாறே, செந்நிறச் சுவரின் முன் பச்சைத் துணி மிகுந்த பொலிவுடன் தோன்றும். வீட்டுக்குப் போனதும் அப்பொலிவு குறையும். வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார்.

தானியக் குவியலுக்குள் ஈரம் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று வணிகருக்கு உணர்த்தியதை நாம் அறிவோம். சரக்கின் நிறத்துக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

ஆகவே, துணி விரித்துக் காட்டும் இடத்தில் சுவர் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருக்கட்டும். முழுச் சுவரும் பூசுமுன் இரண்டடிச் சதுரம் பூசி, காலையிலும் நண்பகலிலும் விளக்கொளியிலும் பாருங்கள். மஞ்சள் விளக்கும் நீல விளக்கும் நிறத்தைத் திரிக்கும். 4000 முதல் 5000 கெல்வின் வரையுள்ள வெள்ளை விளக்கே ஏற்றது. வாங்குபவருக்கு ஐயமிருந்தால் துணியுடன் அவரை அஞ்சடிக்கு அழைத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். அங்கே பார்த்து வாங்கியவர், இன்ஷா அல்லாஹ், மறுபடியும் நம் கடைக்கே வருவார்.