பழைய நோக்கியாவும் ‘லாரி மணி 2’வும்

பழைய நோக்கியா போனில் கிடக்கும் நம்பர்களையும் எஸ்எம்எஸ்களையும் கணினிக்குக் கொண்டுவர வேண்டும் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது பிசி சூட். வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பத்து, பதினைந்து வருடம் டிராயரில் கிடந்த பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பின்மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் சார்ஜரில் போடவே கூடாது. நல்லவேளை, பிஎல்-5சி பேட்டரி இன்னும் கடைகளில் கிடைக்கிறது. சின்ன எஃப்எம் ரேடியோக்களும் ஸ்பீக்கர்களும் அதிலேயே ஓடுவதுதான் காரணம். நோக்கியாவின் பழைய கேபிள்கள் பலவும் சார்ஜ் ஏற்றாதவை. முழு சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் கணினிப் பக்கம் போக வேண்டும்.

அடுத்தது சிம். கையில் இருக்கும் புது சிம்மைப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வேறு சிம் ஏறினால் அழைப்புப் பட்டியலை அழித்துவிடும் மாடல்கள் உண்டு. பழைய சிம் செத்துப்போன ஏர்செல் சிம்மாக இருந்தாலும் பரவாயில்லை. சிக்னல் வராதே தவிர, சிப்பில் எழுதிய பெயர்களும் நம்பர்களும் அப்படியே இருக்கும். அவற்றைப் போன் மெமரிக்கு ‘காப்பி’ செய்துகொள்ளலாம். ‘மூவ்’ கொடுப்பது தேவையற்ற துணிச்சல்.

பெரும்பாலோர் கைவிட்டுவிடும் இடம் கேபிள். அகன்ற பாப்-போர்ட் வாய் கொண்ட மாடல்களுக்கு சிஏ-42 என்றொரு கேபிள் வந்தது. பார்க்க யுஎஸ்பி ஒயர் மாதிரி இருந்தாலும், சீரியல் இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் சிப் ஒன்று அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. சந்தையில் மலிவாக விற்ற நகல் கேபிள்களில் புரொலிஃபிக் சிப்பும் அதன் போலியும் நிறைய. இன்றைய விண்டோஸில் செருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் ‘கோடு 10’ என்ற பிழையும் வரும். கேபிள் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிய வேண்டியதில்லை. புதிய டிரைவர் பழைய சிப்பையும் போலியையும் ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். அதே கேபிள் லினக்ஸில் பெரும்பாலும் முணுமுணுக்காமல் வேலை செய்யும். அங்கே கம்மு என்ற இலவச மென்பொருளும், அதற்கு ஜன்னல் முகம் கொடுக்கும் வம்முவும் இருக்கின்றன. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கக் கூச்சமில்லாதவர்களுக்குக் கம்முவே போதும்.

நோக்கியா தன் மென்பொருளுக்கு மூன்று பெயர் வைத்தது: பிசி சூட், பிறகு ஓவி சூட், கடைசியாக நோக்கியா சூட். போன் பிரிவு 2014-ல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. பழைய போன்களுக்கு இப்போதும் ஏற்றது பிசி சூட்டின் 7.1 பதிப்பு. ‘டிரைவர் டவுன்லோட்’ என்று பச்சை பட்டன் காட்டும் தளங்களிலிருந்து எதையும் இறக்கக் கூடாது. பழைய லேப்டாப் ஒன்றை இன்டர்நெட் இல்லாமல் இதற்கென்றே ஒதுக்கிவைப்பது உத்தமம். மென்பொருளை நிறுவிய பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும். போன் திரையில் கேட்கும்போது ‘நோக்கியா மோட்’ அல்லது ‘பிசி சூட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிசி சூட்டைத் திறந்ததும் ‘சிங்க்’ பட்டன் கண்ணைப் பறிக்கும். பேக்கப் எடுக்கும் வரை அதைத் தொடக் கூடாது. சிங்க் இரண்டு பக்கமும் எழுதும், ஒரு பக்கத்தில் நேர்ந்த குளறுபடியை மறுபக்கத்துக்கும் கொண்டுபோகும்.

பேக்கப் எடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைப்பவர்கள்தான் சில வருடம் கழித்துத் தவிக்கிறார்கள். பிசி சூட் தருவது என்பியு என்ற கோப்பு. அதைத் திறக்க மறுபடி நோக்கியா மென்பொருளே வேண்டும், அல்லது என்பியு எக்ஸ்ப்ளோரர் என்ற இலவசக் கருவி வேண்டும். அந்தக் கருவி கான்டாக்ட்களை விசிஎஃப் கோப்பாகவும் எஸ்எம்எஸ்களைத் தனியாகவும் பிரித்துக் கொடுத்துவிடும். நோக்கியாவின் எஸ்40 வகை போன்களில் கணினிகூட வேண்டாம். போனின் பேக்கப் வசதியே மெமரி கார்டில் என்பிஎஃப் என்றொரு கோப்பை எழுதும். அதன் பெயர் வாலை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்தால், உள்ளே ஆளுக்கொரு விசிஎஃப்.

ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவரின் போனை இக்கட்டுரையாளர் இப்படித்தான் பிரித்துப் பார்த்தார். ‘சிமென்ட் பழையது’, ‘லாரி மணி’, ‘லாரி மணி 2’, ‘கரூர் அண்ணன் வீடு’ என்று ஒரு வியாபாரமே உள்ளே இருந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த பெயர்கள் நோட்பேடில் பளிச்சென்று தெரிந்தன. தமிழில் அடித்தவை மட்டும் சமக்குறியும் ‘ஈ0’வும் ‘ஏஈ’யுமாக நீண்டு கிடந்தன. கடைக்காரர் முகம் வாடிவிட்டது. அதில் எதுவும் கெடவில்லை. பழைய விசிஎஃப் வடிவம் தமிழ் எழுத்துகளை இப்படித்தான் குறியாக்கி வைக்கும். ‘அம்மா’ என்று எழுதவே 45 குறிகள் ஆகும். கூகுள் கான்டாக்ட்ஸில் ஏற்றியதும் எல்லாம் தமிழாகிவிட்டன. இந்த வேலைக்கு அவுட்லுக்கை நம்புவதில் பயனில்லை. பல பேர் அடங்கிய விசிஎஃப் கோப்பைக் கொடுத்தால் முதல் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும்.

சோனி எரிக்சன் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்காகப் பிறந்த மைபோன் எக்ஸ்ப்ளோரர் பின்னாளில் ஆண்ட்ராய்டையும் ஏற்றுக்கொண்டதால், பழையதையும் புதியதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சிடிஎம்ஏ காலத்து எல்ஜி, சாம்சங் போன்களில் பலவற்றுக்குப் பிட்பிம் என்ற மென்பொருள். பிளாக்பெர்ரிக்குத் தனிக் கதை, தனிக் கோப்பு.

கூகுளில் ஏற்றும்போது ஒவ்வொரு இறக்குமதிக்கும் தேதியோடு ஒரு லேபிள் தானாக விழும். அதை அழிக்காமல் விட்டுவைத்தால், இரட்டிப்பான பெயர்களையும் உயிரில்லாத லேண்ட்லைன் நம்பர்களையும் பிறகு நிதானமாகக் களையலாம். அதுவரை போனை ரீசெட் செய்ய வேண்டாம், பழைய சாமான்காரரிடமும் போட வேண்டாம்.