விலை கூடின கல்லில்தான் தோசை எழும்புமா?

கேள்வி: சந்தையில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் மலிவாகக் கிடைக்கிறது. ஆன்லைனில் அதே அளவு கல் நாலைந்து மடங்கு விலை. எங்களுக்குச் சாமை தோசைதான் அதிகம், விறகடுப்பு. எதை வாங்கலாம்?
- வாசகி, ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: மலிவுக் கல்லையே வாங்குங்கள் அம்மா. இரண்டும் 2 முதல் 4 சதவீதம் வரை கரி கலந்த அதே இரும்புதான். மணல் அச்சில் வார்த்ததும் சொரசொரப்பாக வரும் முகத்தை இயந்திரத்தில் தேய்த்து, எண்ணெய் பூசிச் சுட்டுப் பழக்கித் தருவதற்குத்தான் கூடுதல் காசு. அட்டைப்பெட்டியின் பளபளப்புக்கும் கொஞ்சம்! அமெரிக்காவில் 1896-இல் தொடங்கிய லாட்ஜ் நிறுவனமே இன்றும் சொரசொரப்பான சட்டிகளைத்தான் பெரும்பாலும் விற்கிறது.

வாங்கும்போது கல்லைத் தூக்கிப் பிடித்து விரலால் சுண்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். தரையில் வைத்தால் ஆடக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்புக்காரர்கள் அடிப்பாகம் தட்டையா என்றும் பார்க்கட்டும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வடிகஞ்சியில் ஊறப்போடுங்கள். ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, புகையும்வரை சூடாக்குங்கள். எண்ணெய் இறுகிக் கரும்படலமாகும். நாலைந்து தடவை இப்படிச் செய்தபின் பாதி வெங்காயத்தால் தேய்த்து ஊற்றிப் பாருங்கள். சாமை மாவு அரிசி மாவைவிடச் சீக்கிரம் உடையும். முதல் நாலு தோசை பிய்ந்தால் கல்லைத் திட்டாதீர்கள். சூட்டோடு பச்சைத்தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வெடித்துவிடும்.