மகள் சாப்பாட்டை முகர்ந்து பார்க்கிறாள்

கேள்வி:

டாக்டர் அம்மா, என் மகளுக்கு 20 வயது. திருவாரூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவள். தை மாதத்திலிருந்து ஆளே மாறிவிட்டாள். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தோழிகளோடு ஏதோ மனஸ்தாபம் என்று முதலில் விட்டுவிட்டோம். பிறகு விடிய விடியத் தூக்கம் இல்லை, குளிக்கச் சொன்னால் கோபம். பங்குனியோடு கல்லூரிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்களாம், போன் வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறார்களாம். போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டாள். நான் போடும் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைக்கிறாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மூலையைப் பார்த்து முணுமுணுக்கிறாள், சிரிக்கிறாள்.

காத்து கருப்பு அண்டியிருக்கிறது என்கிறார் என் மாமியார். இரண்டு இடத்தில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். குணசீலம் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அதுவும் குறுவை நடவு முடிந்த பிறகுதான். “ஆவணியில என் பையனுக்கே கட்டிவைக்கிறேன், கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்” என்று என் அண்ணன் உறுதியாகச் சொல்கிறார். மனநல டாக்டரிடம் போனால் ஊரில் பெயர் கெட்டுவிடும், மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத தாய், நன்னிலம்

பதில்:

நடவு முடியும்வரை காத்திருக்க வேண்டாம் அம்மா. இந்த வாரமே அவளை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தையில் தொடங்கியது என்கிறீர்கள். இப்போது ஆனி. ஐந்து மாதம் போய்விட்டது.

கடிதத்தை மட்டும் வைத்து நோயின் பெயரை முடிவாகச் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மாற்றங்கள், வந்திருக்கும் வரிசை, அவளுடைய வயது எல்லாம் சைக்கோசிஸ் என்று நாங்கள் சொல்லும் மனப்பிறழ்வின் முதல் கட்டத்தோடு நெருக்கமாகப் பொருந்துகின்றன. இது பெரும்பாலும் பதினைந்து வயதிலிருந்து முப்பதுக்குள் தொடங்கும். முதலில் வருவது விசித்திரமான பேச்சு அல்ல. தூக்கம் குறையும், படிப்பு நழுவும், குளிப்பதிலும் உடுத்துவதிலும் அக்கறை போகும், ஆள் ஒதுங்குவாள். வயசுக்கோளாறு, பரீட்சை பயம், காதல் விவகாரம், போன் பைத்தியம் என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். அதனால் இந்தக் கட்டத்தில் யாரும் மருத்துவரைத் தேடுவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. இதற்காக உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

காதில் பஞ்சு அடைத்துக்கொள்வதைக் கவனித்து எழுதினீர்களே, அது முக்கியம். வேறு யாருக்கும் கேட்காத குரல் அவளுக்குக் கேட்கிறது என்றே நினைக்கிறேன். பெரும்பாலும் அது திட்டும், கேலி செய்யும், அவள் செய்வதை எல்லாம் வர்ணித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வருகிறது என்று நம்பித்தான் பஞ்சை வைக்கிறாள். அந்தக் குரலுக்குப் பதில் சொல்வதுதான் உங்களுக்கு முணுமுணுப்பாகத் தெரிகிறது. சோற்றை முகர்ந்து பார்ப்பது உங்கள் மேல் உள்ள வெறுப்பினால் அல்ல. யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று உண்மையாகவே பயப்படுகிறாள். அந்தப் பயத்தோடு இத்தனை நாளும் தனியாக இருந்திருக்கிறாள்.

ஏன் இத்தனை அவசரம் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். நார்வேயில் ஸ்டாவங்கர் என்ற ஊரைச் சுற்றிய பகுதியில் 1997 முதல் ஒரு காரியம் செய்தார்கள். மனப்பிறழ்வின் ஆரம்ப அடையாளங்களைப் பத்திரிகை, வானொலி, திரையரங்கு எல்லாவற்றிலும் விளம்பரம் செய்தார்கள். ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் நேரடியாகக் கூப்பிட ஒரு குழுவை வைத்தார்கள். இந்த ஏற்பாடு இல்லாத பகுதிகளில் நோய் தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்க நடுமதிப்பாக 16 வாரம் ஆனபோது, அங்கே 5 வாரம்தான் ஆனது. விளம்பரத்தை நிறுத்தியதும் தாமதம் மறுபடி 15 வாரத்துக்கு ஏறிவிட்டது. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நோய் தணிந்து தன் வாழ்க்கையைத் தானே நடத்தும் நிலைக்கு வந்தவர்கள் சீக்கிரம் கண்டறிந்த பகுதியில் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தார்கள். சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் படிப்பையும் நட்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விடுகிறது. இந்த நோயில் நம் கையில் இல்லாதது நிறைய உண்டு. இந்த நாட்கள் மட்டும் நம் கையில் இருக்கின்றன.

இது உங்கள் வீட்டில் மட்டும் வந்ததும் அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா) வேறு மனப்பிறழ்வோ வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கு மேல். அவர்களில் நான்கில் மூன்று பேர் சிகிச்சையிலேயே இல்லை. உங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் இதை மூடி வைத்திருக்கக்கூடும்.

அவள் வர மறுப்பாளே என்பதுதான் உங்கள் முதல் கவலையாக இருக்கும். “உனக்குப் புத்தி சரியில்லை, வா” என்று கூப்பிட்டால் வரமாட்டாள். கோயிலுக்கு என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினால், அதன் பிறகு உங்களை நம்பமாட்டாள். அவளே ஒப்புக்கொள்ளும் தொந்தரவு ஒன்றைப் பிடியுங்கள். தூக்கம் இல்லை என்று அவளுக்கே தெரியும். “ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு கிடக்கிற, பார்க்கவே எனக்குப் பாவமா இருக்கு. தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம், நானும் கூடவே உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள். அது பொய்யும் அல்ல.

யாரும் கண்காணிக்கவில்லை என்று அவளோடு வாதம் செய்யாதீர்கள். ஆமாம், எனக்கும் சந்தேகமாக இருக்கிறது என்று ஒத்துப் பாடவும் வேண்டாம். “எனக்கு அந்தச் சத்தம் கேட்கல. ஆனா உனக்குக் கேட்குது, நீ பயந்து போயிருக்கேன்னு புரியுது” என்பது போதும். சாப்பாட்டு விஷயத்தில் அவள் கண் முன்னாலேயே சமையுங்கள். ஒரே பாத்திரத்திலிருந்து இருவருக்கும் போட்டு, நீங்கள் முதலில் சாப்பிடுங்கள். வாழைப்பழம், அவித்த முட்டை போல அவளே உரித்துச் சாப்பிடக்கூடியதைக் கொடுங்கள்.

எப்படியும் வரவில்லை என்றால், நீங்களும் வீட்டுக்காரரும் முதலில் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவள் மேஜர், அவள் சம்மதம் முக்கியம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தர 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. சாகச் சொல்லிக் குரல் கேட்கிறது என்று சொன்னாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாலோ, மரம் போல அசையாமல் பேசாமல் கிடந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள். காய்ச்சல், வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாமை சேர்ந்து வந்தால் மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இன்னொன்றை இன்றைக்கே செய்யுங்கள்: நடவு நேரம் இது, வயலுக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்து வீட்டுத் திண்ணையிலோ கொட்டகையிலோ இருந்தால் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் அவளிடம் தனியாகவும் உங்களிடம் தனியாகவும் பேசுவார்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்தப் பரிசோதனை செய்வார்கள், தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் எடுப்பார்கள். கஞ்சா, போதை மாத்திரைப் பழக்கம் உண்டா என்றும் கேட்பார்கள். எல்லா இளைஞர்களிடமும் கேட்பதுதான், கோபப்படாதீர்கள். ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், அரிபிப்ரசோல் போன்ற மாத்திரைகளில் ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். தூக்கமும் பதற்றமும் சில நாட்களில் சீராகும். குரலும் சந்தேகமும் அடங்க வாரங்கள் ஆகும். சரியான அளவில் நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்த பிறகுதான் ஒரு மருந்து கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். பத்து நாளில் பலன் இல்லை என்று டாக்டரை மாற்றாதீர்கள்.

இவை போதைப் பழக்கம் உண்டாக்கும் மாத்திரைகள் அல்ல. முதல் தடவை வந்தவர்களுக்குக் குணமான பிறகும் ஓரிரு ஆண்டு தொடர்ந்து கொடுத்து, பிறகு மருத்துவர் பார்த்துப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பதுண்டு. சிலருக்கு நீண்ட காலம் தேவைப்படும். நல்லாயிட்டாள் என்று நீங்களாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. நோய் திரும்பி வருவது பெரும்பாலும் அப்படித்தான். பக்கவிளைவுகளும் உண்டு: பசி அதிகமாகும், எடை கூடும், பகலில் தூக்கம் வரும், கை நடுங்கும். கழுத்தோ கண்ணோ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் அன்றைக்கே காட்டுங்கள், உடனே சரிசெய்யலாம். சில மாத்திரைகளால் மாதவிலக்கு தள்ளிப்போகும். அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு வீட்டில் அவளை விசாரிக்காதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்.

குணசீலத்துக்குப் போவதை நான் தடுக்கவில்லை. சாமி கும்பிடுவது உங்களுக்குத் தெம்பு தரும். அங்கே கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. ஆனால் மாத்திரையைத் தொடங்கி, கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வேப்பிலையால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது எதற்கும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டுவதை இப்போது சட்டமே தடை செய்திருக்கிறது.

உங்கள் அண்ணன் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் இந்த ஆவணியில் கல்யாணம் வேண்டவே வேண்டாம் அம்மா. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. கேட்கும் குரலுக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்திருக்கும் பெண்ணை, ஊரே கூடும் மேடையில் உட்கார வைப்பதா? முறைப்பையன் என்றாலும் அவருக்கும் உண்மை தெரிய வேண்டும். இப்படிக் கல்யாணமான பெண்கள் பலர் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்துவைத்து, ஒருநாள் நிறுத்திவிடுவார்கள். சில மாதத்தில் நோய் திரும்பும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வந்தால் இன்னும் கடுமையாக இருக்கும். மனச்சிதைவு வந்து திருமணம் முறிந்த பெண்களைப் பற்றி டாக்டர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும் சென்னையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் பெற்றோர் வீட்டுக்கே திரும்பியிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஜீவனாம்சமும் இல்லை. வயதான தாய் தகப்பன்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகள் குணமாகி, படிப்பை முடித்து, தனக்கு வேண்டும் என்று அவளே சொல்லும்போது கல்யாணத்தைப் பேசலாம். அப்போது அது நல்லபடியாக நடக்கவும் வாய்ப்பு அதிகம்.

டாக்டர் தாரா பணியாற்றிய மனநல நிறுவனம் ஸ்கார்ஃப். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கியது. புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பி, சென்னையில் இருக்கும் மருத்துவர் திரை வழியாகவே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தவர்கள் இவர்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, முதன்முறை மனப்பிறழ்வு வந்தவர்களைச் சென்னையிலும் மான்ட்ரியலிலும் இரண்டு ஆண்டு ஒரே முறையில் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஒதுங்கிக் கிடப்பது, உற்சாகமின்மை போன்ற அடையாளங்கள் சென்னை நோயாளிகளிடம் அதிகம் குறைந்தன. சிகிச்சையை நடுவில் விட்டவர்களும் இங்கே குறைவு. இங்கே குடும்பம் கூடவே இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள். மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது, தேதி மறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர ஆள் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அது இருக்கிறது. மாமியாரையும் அண்ணனையும் எதிரியாக்கிக்கொள்ளாமல் மருத்துவர் முன் உட்கார வையுங்கள், அவர் சொன்னால் கேட்பார்கள்.

திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் ஊருக்கு வருகிறதா, எந்தக் கிழமை என்று நன்னிலம் அரசு மருத்துவமனையிலும் விசாரியுங்கள். போவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் எந்த மாதம் என்ன மாறியது என்று, எனக்கு எழுதியது போலவே எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் கடிதம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அதற்குள் ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசுவார்கள், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரியில் டி.சி. வாங்கிவிடாதீர்கள். முதல்வரைப் பார்த்து மருத்துவ விடுப்பு கேளுங்கள். மருத்துவர் தரும் சான்றிதழ் போதும், தெரிய வேண்டியவர்களைத் தவிர வேறு யாரிடமும் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். இந்த ஆண்டு போனாலும் அடுத்த ஆண்டு அதே வகுப்பில் சேரலாம். குரல் அடங்கி, தூக்கம் வந்து, புத்தகத்தில் அரை மணி நேரம் மனம் நிற்கத் தொடங்கியதும் முதலில் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.