சைனைடு மேட்டுக்கு என்ன நிறம்?

தங்கச் சுரங்க ஊரான நம் கே.ஜி.எஃப்.பில், கேமரா வாங்கிய கையோடு கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தத் தொடங்கியிருக்கும் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் இருட்டறையில் படம் கழுவிப் பழகியவன். பென்சிலால் நெகட்டிவைத் தொட்டுத் திருத்தியதைத்தான் இன்று மவுஸால் செய்கிறோம்.

1. மூலப் படத்தில் கை வைக்காதே. நகல் எடுத்து, அதில் வேலை செய். கேமராவில் ரா வசதி இருந்தால் அதிலேயே எடு. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16,384 படிகள் இருக்கின்றன; ஜேபெக்கில் 256 மட்டும்தான். ஜேபெக்கில் வானத்தை இழுத்து இருட்டாக்கினால் பட்டை பட்டையாகப் பிரிவது அதனால்தான்.

2. திருட்டு போட்டோஷாப் வேண்டாம். கிம்ப், டார்க்டேபிள் இரண்டும் இலவசம். எதில் வேலை செய்தாலும் வெளிச்சம், கான்ட்ராஸ்ட், ஒயிட் பேலன்ஸ், கிராப் என்ற நான்கும் கைக்கு வந்த பிறகு மற்றதைத் தொடு.

3. நம் ஊருக்கு வருகிற எல்லோரும் முதலில் எடுப்பது சைனைடு மேட்டைத்தான். 2018-ல் 'கே.ஜி.எஃப்.' படம் வந்த பிறகு, அதைக் கரியும் துருவுமாக மாற்றாமல் யாரும் வெளியே விடுவதில்லை. அது இயக்குநர் பிரசாந்த் நீல் தன் கதைக்குத் தேர்ந்த நிறம். அதில் வரும் நராச்சி கற்பனைச் சுரங்கம். நம் மேடோ, அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய பாறைத்தூள். வெளிறிய சாம்பல், இடையிடையே மங்கிய மஞ்சள். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். அதனால் இந்த வெளிறிய மேடு படத்தில் மங்கித்தான் விழும். ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொண்டே எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்று, வலது ஓரத்தில் முட்டுவதற்கு முன் நிறுத்து. காலை வெயிலில் எடுத்ததென்றால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பாதே. அந்த இளஞ்சூட்டையும் துடைத்துவிடும்.

4. கல்யாண ஆல்பத்தில் பெண்ணை வெளுக்கச் சொல்வார்கள். செய்யாதே. முகத்தில் வெளிச்சம் போதாவிட்டால் நிழலை மட்டும் தூக்கு. தோலின் நிறம் தோலின் நிறமாகவே இருக்கட்டும். அன்றைக்கு வந்த பருவை எடுக்கலாம். மச்சத்தையும் தழும்பையும் எடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? கேட்டவர் வற்புறுத்தினால் இரண்டு பிரதி போட்டு அருகருகே காட்டு. பெண்ணின் அம்மாக்காரி நிச்சயம் திருத்தாததையே எடுப்பாள்.

5. பழைய படங்கள் வரும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபின் பல வீடுகளில் தாத்தா வேலை செய்ததற்குச் சாட்சி சுவரில் தொங்கும் ஒரு குரூப் போட்டோதான். அதைச் செல்போனால் எடுக்காதே, பளபளப்பு விழும். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வை. அட்டை ஓரத்தை வெட்டாதே. ஸ்டுடியோ பெயரும், வருஷமும், எந்த ஷாஃப்ட் என்பதும் அங்கேதான் இருக்கும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய். கீறலையும் பூஞ்சைப் புள்ளியையும் ஹீலிங் பிரஷ்ஷால் பொறுமையாக எடு, முகத்துக்கு வெளியிலிருந்து தொடங்கி. இப்போது ஒரு பொத்தானை அமுக்கினால் மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ கருவிகள் வந்திருக்கின்றன. அவை அந்த முகத்தை மீட்பதில்லை. வேறு ஆயிரம் முகங்களில் கற்றதை வைத்து ஒரு முகத்தைப் புதிதாக வரைகின்றன. பேரன் பார்த்து 'அழகா இருக்கார்' என்பான். பாட்டி பார்த்து 'இது யாரு?' என்பாள். வண்ணம் ஏற்றினாலும் இதே சங்கதி: படத்தில் தாத்தா போட்டிருக்கும் தலைக்கவசம் என்ன நிறமென்று மென்பொருளுக்குத் தெரியாது. கட்டாயம் வேண்டுமென்றால் 'வண்ணம் பின்னால் சேர்த்தது' என்று கீழே எழுதிக் கொடு.

6. ஷாஃப்ட் கோபுரத்துக்குப் பின்னால் இரவல் மேகம் ஒட்டாதே. குறுக்கே ஓடும் மின்கம்பியை அழிக்கும் முன்னும் யோசி. சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-ல் மின்சாரம் வந்த ஊர் இது, பெங்களூருக்கே 1905-ல்தான். செய்திப் படமென்றால் ஒரு கம்பியைக்கூடத் தொடக்கூடாது. 2010-ல் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் பரிசு பெற்ற ஒரு படத்திலிருந்து, ஓரத்தில் தெரிந்த ஒரு கால்நுனியை அழித்திருந்ததற்காகப் பரிசையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

7. பெங்களூர் ரயிலில் போய்க்கொண்டே செல்போனில் திருத்தாதே. ஜன்னல் வெயிலில் திரை மங்கித் தெரியும். ஈடுகட்ட நீ படத்தை அளவுக்கு மீறி வெளுத்துவிடுவாய். இரவு திருத்தியதை மறுநாள் காலை ஒரு தடவை பார். ஆல்பத்துக்குப் போகும் முன் லேபில் ஒரு சின்னப் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிடு.

8. திருத்துகிற நேரத்துக்கும் காசு கேள். எடுக்கும்போதே பேசிவிடு, கொடுக்கும்போது பேசினால் கிடைக்காது.